சீட்டு எல்லோருக்கும் ஒன்று, இடம்தான் வேறு

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எண் அட்டைகள் வெட்டி வைத்திருப்பதையும், அந்தப் பெட்டியை எடுத்தாலே வகுப்பு துள்ளிக் குதிப்பதையும் எழுதியிருந்தாய். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒரு கவலையையும் சேர்த்திருந்தாய். ஆட்டத்தில் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்த பிள்ளைகளே, "நூற்று ஐந்து எழுதுங்கள்" என்றதும் 1005 என்று எழுதினார்கள், அப்படியென்றால் விளையாடியதெல்லாம் வீண்தானா என்று கேட்டிருந்தாய்.

வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஆடவைத்த ஆட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு மூன்றிலக்க எண். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையைத் திருப்புகிறார்கள். பெரிய எண் வந்தவருக்கு இரண்டு அட்டையும் சொந்தம். கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட ட்ரம்ப் கார்டில் பையன்கள் ஆடுவதும் இதைத்தான். எந்த எண் பெரியது என்று பார்த்துப் பழக இது உதவும். அதற்கு மேல் அந்தப் பிள்ளை செய்வதற்கு ஒன்றும் இல்லை. அட்டை கைக்கு வந்தபோதே வெற்றி தோல்வி முடிவாகிவிட்டது. இடமதிப்பைச் சொல்லித்தரும் ஆட்டமென்றால், ஓர் இலக்கத்தை எந்த இடத்தில் வைப்பது என்கிற முடிவு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். வைத்த பிறகு, ஏன் அங்கே வைத்தேன் என்று அது வாய்திறந்து சொல்லவும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஆட்டம் எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் இடமதிப்பைத் தொடாது.

முதலில் அந்த 1005ஐப் பார்ப்போம். அதைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு நகர்ந்துவிடாதே. பிள்ளை காதால் கேட்டதை வரிசையாக எழுதியிருக்கிறது. நூறு என்று கேட்டது, 100 எழுதியது. ஐந்து என்று கேட்டது, பக்கத்தில் 5 வைத்தது. பழைய தமிழ் எண் முறையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. நூற்று ஐந்தை ௱௫ என்று எழுதினால் போதும். முந்நூற்று ஐந்து என்றால் ௩௱௫. மூன்று, நூறு, ஐந்து என்று சொல்லுகிற வரிசையிலேயே குறிகளும் வந்துவிடும். பூஜ்ஜியத்துக்கு அங்கே வேலையே இல்லை. இன்று நாம் எழுதும் 305இல் அந்த ௱ காணாமல் போய்விட்டது. நூறு என்பதற்கு எழுத்தில் எந்த அடையாளமும் இல்லை. வலப்பக்கத்திலிருந்து மூன்றாவது இடத்தில் நிற்பதாலேயே 3 என்பது முந்நூறு ஆகிறது. பத்துகள் இல்லை என்பதையும் ஒரு பூஜ்ஜியம் போட்டு அறிவிக்க வேண்டியிருக்கிறது. மனிதர்கள் இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேரப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சில மாதங்கள் பிடித்தால் பதறாதே. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ௰, ௱, ௲ குறிகளையும் அட்டையில் எழுதிக் கொடுத்துப் பார். ௩௱௫ஐயும் 305ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இங்கே இருக்கும் நூறு அங்கே எங்கே போனது?" என்று கேள். அவர்கள் சொல்லும் பதில்கள் உனக்கே புதிதாக இருக்கும்.

ஒன்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "தொண்ணூத்தி அஞ்சு" என்று நாம் சொல்லும்போது பிள்ளையின் காதில் 'நூத்தி அஞ்சு' விழுகிறது. 'தொள்ளாயிரம்' என்றால் ஆயிரம் விழுகிறது. எண்பது, எண்ணூறு வரை ஒழுங்காக வந்த பெயர்கள் ஒன்பதுக்கு வந்ததும் ஒரு படி மேலே ஏறிவிடுகின்றன. ஆகவே இனி நான் சொல்லும் ஆட்டங்களில், தொடக்கத்தில் 9 என்ற அட்டையைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டு ஆடவைத்தாலும் குறையில்லை. மற்ற எண்கள் நாவில் பழகிய பிறகு அதைச் சேர்த்துக்கொள்.

ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் கமி என்ற அம்மையார், அமெரிக்கப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளின் கணக்கறிவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் செய்து பார்த்த ஒரு சோதனையை நீயும் செய்து பார். 16 புளியங்கொட்டைகளை மேசையில் வைத்து, எண்ணி எழுதச் சொல். பிள்ளை 16 என்று எழுதும். அதில் 6ஐத் தொட்டு, "இது எந்தக் கொட்டைகள்?" என்று கேள். ஆறு கொட்டைகளைத் தள்ளிக் காட்டும். பிறகு 1ஐத் தொட்டுக் கேள். பல பிள்ளைகள் ஒரே ஒரு கொட்டையைக் காட்டுவார்கள். மீதி ஒன்பது கொட்டைகள் மேசையிலேயே கிடக்கும். அது அவர்களுக்கு உறுத்தாது. ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று பாட்டாக ஒப்பிக்கிற பிள்ளையும் இப்படிக் காட்டக்கூடும். பயிற்சித்தாள்களைக் குறைத்து, சீட்டும் பகடையும் கொண்ட ஆட்டங்களுக்கு வகுப்பில் முக்கிய இடம் தர வேண்டும் என்று கமி 1985இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். விளையாடும்போது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சில்தான் எண்ணைப் பற்றிய அறிவு உருவாகிறது என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் முழு நம்பிக்கை உண்டு.

இலக்க அட்டைகளை வரிசையாக வைத்து எண் அமைக்கும் ஆட்டத்துக்குப் போவதற்கு முன் ஈர்க்குச்சி ஆட்டம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதே. தென்னை ஈர்க்கை ஒரே அளவாக ஒடித்துக்கொள். ஒரு டப்பாவில் ரப்பர் பேண்ட். 1 முதல் 9 வரையிலான அட்டைகளைக் கலைத்துக் கவிழ்த்து வை. பிள்ளை ஓர் அட்டையை எடுக்கிறது, அத்தனை குச்சிகளை எடுத்துக்கொள்கிறது. பத்துக் குச்சி சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டும். பத்துக் கட்டு சேர்ந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய கட்டு. முதலில் பெரிய கட்டுப் போட்டவர் ஜெயித்தார். இதில் ஒரே ஒரு சட்டம் கறாராக இருக்கட்டும். யார் கையிலும் ஒன்பதுக்கு மேல் உதிரிக் குச்சி இருக்கக் கூடாது. இருப்பதை எதிராளி கண்டுபிடித்துவிட்டால் அவருக்கு இன்னொரு முறை அட்டை எடுக்கும் உரிமை. நம் எண் முறையின் அடிப்படை முழுவதும் இந்த ஒரு சட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் எதிராளியின் குச்சிகளை எவ்வளவு கவனமாக எண்ணுவார்கள் என்று பார், வியந்துபோவாய்.

பிறகு இதே ஆட்டத்தைத் திருப்பி ஆடவை. ஆளுக்கு ஒரு பெரிய கட்டு, அதாவது நூறு குச்சி. அட்டையில் வரும் எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். முதல் அட்டை 4 என்று வருகிறது. கையில் உதிரிக் குச்சியே இல்லை! பிள்ளை திகைத்து நிற்கும். அப்போது நீ குறுக்கே பேசாதே. அது தானாகவே பெரிய கட்டை அவிழ்க்கும், பத்துச் சிறு கட்டு வரும். அதிலும் உதிரி இல்லை. ஒரு சிறு கட்டை அவிழ்க்கும், பத்துக் குச்சி வரும், நான்கைக் கொடுக்கும். ஒன்பது கட்டும் ஆறு குச்சியும் மீதி. பின்னால் 100 - 4 என்று எழுதி, பூஜ்ஜியத்திலிருந்து எப்படிக் கழிப்பது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, அங்கேயும் இல்லையா அடுத்த வீட்டுக்குப் போ என்று நாம் கதை சொல்லிக் கொடுப்பது உண்டல்லவா? கட்டை அவிழ்த்துப் பழகிய பிள்ளைக்கு அந்தக் கதையே வேண்டாம். யாரிடமும் எதையும் கடன் வாங்கவில்லை, இருந்ததையே பிரித்தோம், மொத்தக் குச்சி மாறவில்லை என்று அதற்குக் கையாலேயே தெரியும்.

பத்து மஞ்சள் வில்லைக்கு ஒரு சிவப்பு வில்லை என்று நிறத்தை வைத்துத் தொடங்க வேண்டாம். சிவப்பு வில்லைக்குள் பத்து இருப்பது கண்ணுக்குத் தெரியாது, நாம் சொல்லி நம்ப வேண்டியதாகிவிடும். கட்டுக்குள் பத்துக் குச்சி இருப்பதைப் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். விளையாட்டு ரூபாய் நோட்டு வைத்து ஆடுவதும் நல்லதுதான், ஆனால் கட்டுக்குப் பிறகு. அதிலும் 1, 10, 100 மட்டும் போதும். 20, 50, 200, 500 உள்ளே வந்தால் பத்துப் பத்தாகக் கூடும் ஒழுங்கு கலைந்துவிடும்.

குச்சி பழகிவிட்டால் அடுத்தது ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் அட்டைகள். இவை மரியா மாண்டிசோரியின் கொடை. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்தியாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவருடைய எண் அட்டைகளில் 1 முதல் 9 வரை ஓரிலக்க அகலம், 10 முதல் 90 வரை ஈரிலக்க அகலம், 100 முதல் 900 வரை மூவிலக்க அகலம். ஒன்றுகளுக்குப் பச்சை, பத்துகளுக்கு நீலம், நூறுகளுக்குச் சிவப்பு. 300இன் மேல் 40ஐ வலப்பக்க ஓரம் ஒட்டி வைத்து, அதன்மேல் 5ஐ வைத்தால் 345 தெரியும். நடுவிலிருக்கும் 40ஐ மெல்ல உருவிவிடு. 305 தெரியும். அந்தப் பூஜ்ஜியம் புதிதாக வந்ததல்ல, 300இல் முதலிலேயே இருந்தது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். உன்னுடைய 1005க்கு மருந்து இதுதான். 100 அட்டையையும் 5 அட்டையையும் கையில் கொடுத்து, "நூத்தி அஞ்சு செய்து காட்டு" என்று சொல். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 1005. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 105. இரண்டையும் அதுவே செய்து, அதுவே வாசித்து, அதுவே முடிவு சொல்லட்டும்.

இந்த 27 அட்டைகளைக் கொண்டு ஓர் அருமையான ஆட்டம் இருக்கிறது. நான்கு பிள்ளைகள் உட்காரட்டும். ஆளுக்கு ஓர் இலக்குச் சீட்டு. ஒருவருக்கு 345, இன்னொருவருக்கு 708, மற்றவர்களுக்கு 260, 532 என்று வைத்துக்கொள். அட்டைகளைக் கலைத்து ஆளுக்கு ஐந்து கொடுத்துவிட்டு மீதியை நடுவில் கவிழ்த்து வை. தன் முறை வரும்போது பிள்ளை யாராவது ஒருவரிடம் தனக்கு வேண்டிய அட்டையைக் கேட்க வேண்டும். இருந்தால் அவர் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இலக்கை முதலில் அடுக்கியவர் ஜெயித்தார். இதில் கேட்கும் கேள்விதான் விஷயம். 345 வைத்திருக்கும் பிள்ளை "உன்கிட்ட நாலு இருக்கா?" என்று கேட்டால் 4 என்ற அட்டைதான் கிடைக்கும். அதை எங்கே வைத்தாலும் 345 வராது. இரண்டு முறை ஏமாந்தபின் அதுவே "நாப்பது இருக்கா?" என்று கேட்கத் தொடங்கும். யாரும் பாடம் நடத்தவில்லை, தேவை கற்றுக்கொடுத்தது. இலக்குச் சீட்டு எழுதும்போது ஒன்றைக் கவனி. ஒரே இடத்தில் ஒரே இலக்கம் இரண்டு பேருக்கு வரக் கூடாது. வந்தால் ஒரே அட்டைக்கு இருவர் காத்திருந்து ஆட்டம் நின்றுவிடும். பூஜ்ஜியம் உள்ள இலக்குகளை வேண்டுமென்றே சேர். 708 கிடைத்த பிள்ளை பத்துகளில் எந்த அட்டையைக் கேட்பது என்று தேடித் தவித்து, ஒன்றும் கேட்க வேண்டாம் என்று கண்டுபிடிக்கும் நேரம் மிக முக்கியமானது.

இனி, உன் வகுப்பில் தினமும் ஆடவேண்டும் என்று நான் விரும்பும் ஆட்டத்துக்கு வருகிறேன். இதற்கு 0 முதல் 9 வரை பத்தே அட்டைகள் போதும், முழு வகுப்புக்கும் ஒரே கட்டு. ஒவ்வொரு சிலேட்டிலும் மூன்று கட்டம் போடச் சொல். நூறு, பத்து, ஒன்று. நீ ஓர் அட்டையை எடுத்துக் காட்டு. எல்லாரும் அந்த இலக்கத்தை மூன்று கட்டங்களில் ஏதாவது ஒன்றில் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கவோ மாற்றவோ கூடாது. எடுத்த அட்டையைத் திரும்பக் கட்டில் சேர்க்காதே. இரண்டாவது அட்டை, மூன்றாவது அட்டை. முடிந்தது. யாருடைய எண் பெரியது?

இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் மேல் யாரும் பழி போட முடியாது. வந்த சீட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருத்தி 752 வைத்திருக்கிறாள், பக்கத்தில் இருப்பவன் 527 வைத்திருக்கிறான். அதே 7, அதே 5, அதே 2. வேறுபட்டது இடம் மட்டும்தான். இடமதிப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு சிலேட் கொடு. தனித்தனியாகக் கொடுத்தால் முடிவு மனதுக்குள்ளேயே நடந்துவிடும், உனக்கு ஒன்றும் கேட்காது. இருவர் ஒரே சிலேட்டைப் பிடித்திருந்தால் பேசித்தான் ஆக வேண்டும். முதல் அட்டை 9 வந்தால் பேச்சே இல்லை. 0 வந்தாலும் இல்லை. 5 வந்தால்தான் வகுப்பு சூடுபிடிக்கும். "நூறுல வைடி" என்று ஒருத்தி சொல்வாள். "வேண்டாம், ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது நாலும் இன்னும் உள்ளதான் இருக்கு" என்று மற்றவள் மறுப்பாள். "சின்னதுதான் அஞ்சு இருக்கு, அதுவே வந்துட்டா?" என்று இவள் கேட்பாள். கடைசியில் நடுவில் வைப்பார்கள். இன்னும் இரண்டு அட்டை வரவிருக்கும்போது 5ஐ நடுவில் வைப்பது நல்ல யோசனையும்கூட. எட்டு வயதில் வாய்ப்பையும் மதிப்பையும் ஒன்றாக எடைபோடுகிறார்கள். நீ அந்த நேரத்தில் மேசைக்கு மேசை நடந்து காது கொடுத்துக் கேட்டால் போதும். "ஏன் அங்கே வைத்தாய்?" என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசாதே. தவறாக வைத்தவரிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காதே. சரியாக வைத்தவரிடமும் அதே குரலில் கேள். இல்லாவிட்டால், டீச்சர் கேட்டாலே தப்பு என்று பிள்ளைகள் கண்டுகொண்டு, கேட்டவுடன் அழித்துவிடுவார்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் ஜெயித்தவருக்குக் கைதட்டிவிட்டு அடுத்த சுற்றுக்கு ஓடாதே. வகுப்பிலிருந்து வந்த எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுது. 752, 725, 572, 527, 275, 257. மூன்று அட்டையில் ஆறு எண்கள். ஏறுவரிசை, இறங்குவரிசை எல்லாம் இங்கேயே முடிந்துவிடும், அதற்குத் தனிப் பயிற்சித்தாள் வேண்டாம். 752க்கும் 725க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேள். 27. 725க்கும் 275க்கும் 450. முதலில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறின, பிறகு முதல் இரண்டு இடம் மாறின. நூறில் செய்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று அப்போது தெரியும். ஐந்தாம் வகுப்பாக இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். ஒரே இலக்கங்களை மாற்றி மாற்றி வைத்துக் கிடைக்கும் எந்த இரண்டு எண்களின் வித்தியாசமும் 9ஆல் மீதியின்றி வகுபடும். இதை நீயாகச் சொல்லிவிடாதே. வித்தியாசங்களைப் பலகையின் ஓரத்தில் வரிசையாக எழுதிக்கொண்டே வா. ஒரு நாள் யாராவது ஒரு பிள்ளை கத்தும், "எல்லாம் ஒம்பதாம் வாய்ப்பாடு டீச்சர்!" என்று.

பெரிய எண் அலுத்தால் சிறிய எண். அதில் பூஜ்ஜியம் வந்தால் பார். கெட்டிக்காரப் பிள்ளை அதை நூறில் வைத்துவிட்டு 045 என்று காட்டும். இது மூன்றிலக்க எண்ணா? நாம் தீர்ப்பு சொல்லக் கூடாது. வகுப்பு வாதாடி ஒரு சட்டம் போடட்டும், அடுத்த ஆட்டத்திலிருந்து அந்தச் சட்டம்தான் செல்லும். 500க்கு அருகில் வருபவருக்கு வெற்றி என்று ஆடுவது இன்னும் நல்லது. 4, 5, 8 வந்தால் 5ஐ நூறில் வைத்தவர் அதிகபட்சம் 548 வரைதான் நெருங்க முடியும், 48 தூரம். 485 வைத்தவர் 15 தூரத்தில் நிற்பார். ஐந்நூறுக்கு அருகில் வர நானூறில் தொடங்கலாம் என்பது பல பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி.

எந்த ஆட்டமானாலும், வாசித்துக் காட்டாமல் வெற்றி இல்லை. பேச்சுத் தமிழிலேயே வாசிக்கட்டும். "எழுநூத்தி அம்பத்தி ரெண்டு, ஏழு நூறு, அஞ்சு பத்து, ரெண்டு ஒண்ணு." இது மூச்சுவிடும் நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் கண்ணும் காதும் நாவும் ஒன்றாகச் சேருவது இந்த நேரத்தில்தான்.

அட்டை செய்வது பற்றிக் கேட்டிருந்தாய். காசு செலவழிக்காதே. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் நல்ல கெட்டி. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களில் எண் பெரிதாக இருக்கும், அதை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். 6க்கும் 9க்கும் அடியில் கோடு போட மறக்காதே. கடையில் விற்கும் சீட்டுக்கட்டை வாங்கலாமா என்றால், எனக்கு விருப்பமில்லை. அதில் பூஜ்ஜியம் கிடையாது. 10 என்ற சீட்டு இருக்கிறது. அதை ஒரு கட்டத்துக்குள் வைத்த பிள்ளை நேராக உன் 1005க்குத்தான் போகும். 10ஐ எடுத்துவிட்டு, ராணியைப் பூஜ்ஜியமாக வைத்து ஆடுகிறவர்கள் உண்டு. அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் ஊர்களில் சீட்டுக்கட்டு என்றாலே ஆலமரத்தடியில் பணம் வைத்து ஆடுவதுதான் பெற்றோருக்கு நினைவு வரும். அதனால் சில வீடுகளில் அடுப்பெரியாமல் போயிருக்கிறது. அந்தத் தாய் தன் பிள்ளை பள்ளியில் சீட்டு விளையாடியதாகக் கேட்டால் கலங்குவது நியாயம். அந்தக் கலக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடாதே. எண் அட்டை என்றே சொல். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்களை உட்காரவைத்து ஒரு சுற்று ஆடவை. பிறகு அவர்களே வீட்டில் பிள்ளையோடு ஆடுவார்கள்.

பிள்ளைகளே வைத்திருக்கும் ஒரு சீட்டாட்டம் நமக்குப் பெரிய துணை. ராஜா ராணி மந்திரி திருடன். ஊருக்கு ஊர் மதிப்பெண் மாறும், ஆனால் பெரும்பாலும் ராஜாவுக்கு 1000, திருடனுக்கு 0. அவர்கள் மதிப்பெண் எழுதும் தாளை வாங்கிப் பார். 1000க்குக் கீழே 0 எங்கே எழுதியிருக்கிறது? 800 எங்கே? இடப்பக்கம் ஒட்டி எழுதிவிட்டு, கூட்டும்போது சண்டை வந்திருக்கும். அந்தச் சண்டையைக் கரும்பலகைக்குக் கொண்டு வா. ஒன்றுகளுக்குக் கீழே ஒன்றுகள் வர வேண்டும் என்று நாம் ஆண்டு முழுவதும் சொல்வதை, தனக்கு வரவேண்டிய மதிப்பெண் குறைந்துவிட்டது என்று கோபப்படும் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

நம் மாநிலத்துக்கு வகுப்பறை அட்டை புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் அட்டைகள்தான் பாடநூலாக இருந்தன. அது பெரிய மாற்றம், அதன் நன்மைகளை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பல வகுப்புகளில் பிள்ளை தன் அட்டையைத் தனியாக எடுத்து, தனியாக முடித்து, கற்றல் ஏணியில் அடுத்த படிக்குப் போனது. நான் சொல்லும் ஆட்டத்தில் எதிரே இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, கவனிக்கிறது, மறுக்கிறது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் உன் முன்னால் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று பாடம் நடத்த முடியாமல் நீ திணறுவதை அறிவேன். அரும்புக்கு ஈர்க்குச்சி, மொட்டுக்கு இரண்டு கட்டம், மலருக்கு மூன்று கட்டம் என்று கொடுத்தால் ஆட்டம் ஒன்றாகவே நடக்கும். நீ எடுக்கும் முதல் இரண்டு அட்டைகள் மொட்டுக்கு, மூன்றும் மலருக்கு.

இரண்டு எச்சரிக்கை மட்டும். கடிகாரம் வைத்து வேகப் போட்டி நடத்தாதே. வேகம் வந்தால் யோசனை போய்விடும், யோசிக்கும் பிள்ளை தோற்றுவிடும். பென்சில், மிட்டாய் என்று பரிசும் வைக்காதே. பரிசு வந்த நாளிலிருந்து பிள்ளைகள் பக்கத்துச் சிலேட்டை எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள், "ஏன் அங்கே வைத்தாய்" என்பதற்குக் கிடைக்கும் பதில் சுருங்கிக்கொண்டே போகும்.

ஆட்டத்தால் கற்றார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "47இல் 4இன் இடமதிப்பு என்ன" என்ற கேள்வியை நம்பாதே, அதற்கு மனப்பாடம் பதில் சொல்லிவிடும். பலகையில் 725 என்று எழுது. "ஒரே ஒரு கழித்தல் செய்து 2ஐ மட்டும் பூஜ்ஜியம் ஆக்கு, மற்ற இரண்டும் அப்படியே இருக்க வேண்டும்" என்று சொல். 2ஐக் கழித்தால் 723 வரும். 20ஐக் கழித்தால்தான் 705. இதைச் செய்கிற பிள்ளைக்கு இடமதிப்பு தெரியும். செய்யாத பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் ஈர்க்குச்சி தேவை, அவ்வளவுதான். அது தோல்வி என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதே.

இப்போதைக்கு உன் பெட்டியிலிருக்கும் மூன்றிலக்க அட்டைகளை ஓரமாக வைத்துவிடு. 0 முதல் 9 வரை பத்து அட்டை எழுதிக்கொள். திங்கட்கிழமை இருவருக்கு ஒரு சிலேட் கொடுத்து ஆரம்பி. 5 வரும்போது பிள்ளைகள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை, ஒரு வார்த்தைகூடத் திருத்தாமல், அவர்கள் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா